தங்கம் எடுக்கும் நாடு ஏன் கடன் வாங்குகிறது?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுவது எல்லோருக்கும் தெரியும். சிலர் ஆப்பிரிக்கா வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். அப்படிக் கானாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரோடு போன மாதம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அந்த ஊருல மண்ணுக்குள்ள தங்கம் கெடக்குதுங்க. ஆனா சனம் படற பாட்டப் பார்த்தா நம்மூரு எவ்வளவோ தேவலைங்க" என்றார். பக்கத்தில் நின்றவர் உடனே, "உழைக்கமாட்டாங்க, அதான்" என்றார். இன்னொருவர், "அதெல்லாம் இல்லீங்க, மந்திரிக மொத்தத்தையும் அடிச்சுட்டுப் போயிருப்பாங்க" என்றார்.

இந்த இரண்டு பதிலைத்தான் நாம் எங்கேயும் கேட்கிறோம். முதலாவது அநியாயமான பேச்சு. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று நாள் முழுக்க மண் அலசுகிறவர்களை உழைக்காதவர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டாவதில் உண்மை உண்டு, ஆனால் அது போதாது. ஒருவர்கூடத் திருடாத நாட்டிலும் தங்கச் சுரங்கம் மற்ற தொழில்களைக் கெடுத்துவிட முடியும். அது எப்படி என்பதை, பொருளாதாரம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். நம்ம ஊர் உதாரணங்களே போதும்.

முதலில் கானாவைப் பற்றி இரண்டு வரி. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் அந்த நாட்டுக்குப் பேரே தங்கக் கடற்கரை. 1957-இல் சுதந்திரம் வாங்கியது. இன்றைக்கு ஆப்பிரிக்காவிலேயே அதிகமாகத் தங்கம் எடுக்கும் நாடுகளில் முதல் வரிசையில் நிற்கிறது. அதே நாடு 2022 டிசம்பரில், வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதிக்குத் தவணை கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 மே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) 300 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது.

## பட்டறை மண்ணும் சுரங்கப் பாறையும்

கோவையில் கெம்பட்டி காலனி, செட்டி வீதிப் பக்கம் விடியற்காலையில் நடந்து போனால் நகைப் பட்டறைகளின் வாசலில் சிலர் குனிந்து கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒருமுறை நின்று பார்த்தேன். ஒரு அம்மா தேய்ந்துபோன பிரஷ்ஷால் சாக்கடைத் திண்டின் இடுக்கைச் சுரண்டி, வந்த கரும்மண்ணைத் தகரத் தட்டில் வாங்கி, பக்கெட் தண்ணீரில் அலசினார். மேல் மண் தண்ணீரோடு போகப் போக, தட்டின் அடியில் கருமணல் தங்கியது. அதற்குள் ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று மினுக்கல். அரத்தூளும் பாலிஷ் தூளும் ஆசாரிகளின் கால் வழியாகவும் கை கழுவிய தண்ணீர் வழியாகவும் வெளியே வருகிறது. அதை நம்பி அவர் குடும்பம் நடக்கிறது.

தங்கச் சுரங்கமும் செய்வது இதே வேலைதான், அளவுதான் வேறு. பூமிக்குள் தங்கம் கட்டி கட்டியாகப் புதைந்திருக்கிறது என்ற படம் நம் மனதில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் அது கண்ணுக்கே தெரியாத தூளாகப் பாறை முழுக்கப் பரவிக் கிடக்கும். செலவு செய்து பிரித்தாலும் லாபம் தரும் அளவுக்குத் தங்கம் உள்ள பாறைக்குத் தாது என்று பேர். ஒரு டன் தாதுவில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அதன் தரம்.

டன்னுக்கு 4 கிராம் இருந்தால் மோசமில்லாத தாது. 10 டன் ஏற்றும் ஒரு நாமக்கல் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறையப் பாறை ஏற்றி வந்தால் அதில் இருப்பது 40 கிராம், அதாவது 5 பவுன். அந்தப் பாறையை வெடி வைத்து உடைத்து, மேலே ஏற்றி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத்தான் அந்த 5 பவுனைப் பிரிக்க முடியும். மிச்சமுள்ள கிட்டத்தட்ட 10 டன்னும் கழிவு. அதை எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்? இந்தக் கேள்வியைக் கடைசியில் திரும்பப் பார்ப்போம்.

ஆக, "அந்த நாட்டில் இத்தனை டன் தங்கம் இருக்கிறது" என்று சொல்லும்போது, எடுக்கும் செலவைக் கழிக்காத கணக்கைச் சொல்கிறோம்.

## தண்ணீர் வராத போர்

போர் போடுகிறவர்களுக்கு அடுத்த விஷயம் சொல்லாமலே புரியும். ஆயிரம் அடி ஓட்டினால் ஆயிரம் அடிக்கும் காசு. தண்ணீர் வந்தாலும் அதே காசு, புகை வந்தாலும் அதே காசு. சுரங்கத்திலும் முதலில் வருவது இந்தச் செலவுதான். பல இடத்தில் துளை போட்டு, பாறை மாதிரி எடுத்து, சோதனைக்கூடத்தில் பார்த்து, வருஷக்கணக்கில் பணம் இறைக்க வேண்டும். பெரும்பாலான துளைகள் வெறும் துளைகளாகவே முடியும்.

இதற்கு நம்ம மலைமேலேயே ஒரு கதை இருக்கிறது. 1880-ஐ ஒட்டி நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு லண்டன் வரை போனது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றுப் பணம் திரட்டின. இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலையேறின. தங்கம் இருந்தது உண்மை. ஆனால் செலவுக்குக் கட்டுப்படியாகும் தரத்தில், நினைத்த அளவுக்கு இல்லை. சில வருஷத்திலேயே எல்லாம் படுத்துவிட்டது. பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். இன்றைக்கு அந்தச் சரிவுகளில் தேயிலை நிற்கிறது.

ஒரு ஏழை நாடு இந்தச் செலவைத் தானே செய்ய முடியாது. அதனால் வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது. பணம் போடுகிறவன் அவன், ஆபத்தை ஏற்கிறவன் அவன். எனவே ஒப்பந்தத்தில் அவன் கை ஓங்கியிருக்கும். இதைப் பேராசை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

## தோப்புக் குத்தகை: யாருக்கு எவ்வளவு?

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறோம். தோப்பு நம்முடையது, காய் வெட்டி விற்பது குத்தகைக்காரர் வேலை. நமக்கு வருவது பேசிய பணம். சுரங்கத்தில் இந்தக் குத்தகைப் பணத்துக்குப் பேர் ராயல்டி. பூமிக்குள் இருக்கும் கனிமத்தை எடுத்துக்கொள்ள அனுமதிப்பதற்காக, எடுக்கும் அளவுக்கோ மதிப்புக்கோ ஏற்ப நிலத்தின் உரிமையாளருக்குக் கம்பெனி கொடுப்பது. பெரும்பாலான நாடுகளில் அந்த உரிமையாளர் அரசாங்கம்.

ராயல்டியை வரி என்றே பலர் நினைக்கிறார்கள். நம்ம உச்ச நீதிமன்றமே 1989-இல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ராயல்டி ஒரு வரிதான் என்று சொல்லியிருந்தது. 35 வருஷம் கழித்து, 2024 ஜூலை 25 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வில் 8 பேர் அதை மாற்றி, ராயல்டி வரி ஆகாது, குத்தகைக்கான ஒப்பந்தப் பணம் என்று தீர்ப்பளித்தார்கள். அதனால் என்ன வித்தியாசம்? ராயல்டிக்கு மேல், கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் தனியாக வரியும் போடலாம் என்று ஆனது. தமிழ்நாடும் அதற்கென்று சட்டம் போட்டது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் இத்தனை கோடி ரூபாய் இருக்கிறது.

கானாவில் நெடுங்காலமாக ராயல்டி 5 சதவீதம் என்ற அளவில் இருந்தது. அதோடு சுரங்கத்தில் 10 சதவீதப் பங்கும் அரசுக்கு இலவசமாக உண்டு. லாபம் வந்தால் வருமான வரி தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றில் ராயல்டி மட்டும்தான் எடுத்த சரக்கின் மேல் வருவது. மற்ற இரண்டும் லாபம் வந்தால்தான். லாபம் எவ்வளவு என்று கணக்கு எழுதுகிறவர் யார்? இயந்திரம் வாங்கிய செலவு, தாய்க் கம்பெனிக்குக் கட்டிய வட்டி, ஆலோசனைக் கட்டணம் என்று எழுதிக்கொண்டே போனால் லாபம் காகிதத்தில் கரைந்துவிடும்.

லாரிக்காரர்களைக் கேட்டால் எடைமேடை யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி என்பார்கள். டான்சானியாவில் 2017-இல் இதுவே பெரிய சண்டையானது. அரைகுறையாகப் பிரித்த தாதுவின் ஏற்றுமதியை அரசு நிறுத்தியது; கப்பலேறக் காத்திருந்த பெட்டிகளுக்குள் கணக்கில் காட்டியதைவிட அதிகம் தங்கம் இருக்கிறது என்று குற்றம் சாட்டியது, கம்பெனி மறுத்தது. கடைசியில் 2020-இல் சுரங்கங்களில் அரசுக்கு 16 சதவீதப் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. அளந்து பார்க்கும் சோதனைக்கூடமும், கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த ஆட்களும் இல்லாத நாடு எவ்வளவு சதவீதம் கேட்டு வாங்கினாலும், எதில் சதவீதம் என்பதில் ஏமாந்துபோகும்.

இதுவரை பார்த்தது: பாறையில் தங்கம் கொஞ்சம்தான், எடுக்க செலவு அதிகம், செலவு போடுகிறவர் வெளியாள், நாட்டுக்குக் கிடைப்பது குத்தகையும் கொஞ்சம் வரியும்.

## நிலம் விற்ற காசு

தென்னந்தோப்புக் கணக்கு ஒரு இடத்தில் உடைகிறது. காய் வெட்டினால் ஒன்றரை மாதத்தில் அடுத்த காய் வந்துவிடும். தங்கம் வராது. எடுத்தது எடுத்ததுதான்.

எனக்கு இந்தப் பாடத்திலேயே முக்கியமாகப் படுவது இந்த இடம். இதைப் புரிந்துகொள்ளக் கொங்குக்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. கோவையைச் சுற்றி, அவிநாசி சாலையிலும் சரவணம்பட்டியிலும், கடந்த இருபது முப்பது வருஷத்தில் தோட்டத்தை சைட் போட்டு விற்ற குடும்பங்கள் நமக்குத் தெரியும். ஒரே ஊர், ஒரே விலை. ஒருவர் அந்தக் காசில் பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு மடங்கு பூமி வாங்கினார், மிச்சத்தில் ஒரு குடோன் கட்டி வாடகைக்கு விட்டார், மகளைப் படிக்க வைத்தார். இன்னொரு வீட்டில் கார் வந்தது, மாடி வந்தது, கல்யாணம் மூன்று நாள் நடந்தது. ஐந்தாறு வருஷம் இரண்டு வீடும் ஒரே மாதிரி செழிப்பாகத்தான் தெரிந்தன. அப்புறம்தான் வித்தியாசம் தெரிந்தது.

வெள்ளாமை விற்ற காசு வருமானம். பூமி விற்ற காசு வருமானம் கிடையாது, சொத்து வேறு உருவத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சுரங்கப் பணம் பூமி விற்ற காசு. ஆனால் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது வெள்ளாமைக் காசு மாதிரி வருமானப் பத்தியில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த வருஷத்து வளர்ச்சிக் கணக்கில் ஏற்றம் தெரியும். பூமிக்குள் குறைந்துபோனதை அந்தக் கணக்கு கழிக்காது.

பூமி விற்ற காசைப் பூமியாகவே மாற்றிய நாடும் உண்டு. போட்ஸ்வானா 1966-இல் சுதந்திரம் வாங்கியபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. வறண்ட பூமி, மாடு மேய்ப்புதான் பிழைப்பு. அங்கே மழைக்கு "புலா" என்று பேர், நாணயத்துக்கும் அதே பேரைத்தான் வைத்தார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சம்சாரிக்கு இதன் அர்த்தம் புரியும். 1967-இல் ஓராபாவில் வைரம் கிடைத்தது. அரசு கம்பெனியோடு சரிபாதிப் பங்கு வைத்தது. வந்த பணத்தைச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தது. மிஞ்சியதை 1994-இல் ஒரு சேமிப்பு நிதியாக ஒதுக்கி வெளிநாட்டில் முதலீடு செய்தது. ஒரு தலைமுறையில் நடுத்தர வருமான நாடாக உயர்ந்தது.

இதையும் முழுக்கச் சொல்ல வேண்டும்: வைரத்தைத் தாண்டி வேறு தொழில் அங்கே பெரிதாக வளரவில்லை. ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்து விலை விழுந்ததும், கடந்த சில வருஷமாக அந்த நாடு திணறுகிறது. நேர்மையான நிர்வாகம் இருந்தும் இந்த நிலைமை. ஏன் வேறு தொழில் வளர்வது கடினம் என்பதற்குத் திருப்பூருக்குப் போக வேண்டும்.

## திருப்பூருக்கு ஒரு கற்பனை ஆபத்து

நொய்யல் கரையில் உலகத்திலேயே பெரிய தங்கச் சுரங்கம் ஒன்று நாளைக்குக் கிடைத்துவிட்டது, நம்ம நாடு ஒரு சின்ன நாடு, அதன் ஏற்றுமதியில் பெரும்பகுதி பனியன் துணிதான் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

ஒரு டி-சர்ட்டை 3 டாலருக்கு அனுப்புகிறார் ஒரு ஏற்றுமதியாளர். டாலர் 85 ரூபாய் என்றால் கைக்கு வருவது 255. நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து செலவு 235. மிச்சம் 20 ரூபாய்.

இப்போது தங்கம் ஏற்றுமதியாகி டாலர் வந்து குவிகிறது. டாலரும் ஒரு சரக்குதான். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஒரே நாளில் நூறு லாரி தக்காளி வந்தால் என்ன ஆகுமோ அதுதான் டாலருக்கும் ஆகும். சுரங்கக் கம்பெனி கூலிக்கும் ராயல்டிக்கும் ரூபாய் வேண்டுமென்று டாலரை விற்கும், டாலர் மலியும். 85 ரூபாய் 75-க்கு வருகிறது. அதே டி-சர்ட், அதே 3 டாலர், கைக்கு வருவது 225. செலவு 235. ஒவ்வொரு பீஸுக்கும் 10 ரூபாய் நட்டம். டெய்லர் சரியாகத்தான் தைத்தார், முதலாளி சரியாகத்தான் நடத்தினார், யாரும் லஞ்சம் வாங்கவில்லை. ஆர்டர் மட்டும் வங்கதேசத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு பக்கமும் இடிக்கும். சுரங்கத்தில் தினக்கூலி இரண்டு மடங்கு என்றால் ஃபவுண்டரியில் மோல்டு பிடிக்கிறவரும் லாரி ஓட்டுகிறவரும் அங்கே போய்விடுவார்கள். வீட்டு வாடகை ஏறும், இடத்து விலை ஏறும், கூலி ஏறும். பனியன்காரரின் 235 ரூபாய்ச் செலவு 250 ஆகும்.

இப்படி ஒரு கனிமத்தின் ஏற்றுமதி பெருகுவதாலேயே மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நசிந்துபோவதற்கு டச்சு நோய் என்று பேர். நெதர்லாந்தில் 1959-இல் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. அப்புறம் அந்த நாட்டின் ஆலைத் தொழில்கள் தளர்ந்ததைப் பார்த்து 1977-இல் லண்டன் வார இதழ் ஒன்று வைத்த பேர் இது. பணக்கார நாடு அதைத் தாங்கிக்கொண்டது. நைஜீரியாவால் முடியவில்லை. அங்கே கானோ நகரத்தில் ஒரு காலத்தில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி ஏற்றுமதிக்கு வைத்திருப்பார்கள். 1970-களில் கச்சா எண்ணெய்ப் பணம் பெருகிய பிறகு அந்தக் கோபுரங்கள் காணாமல் போயின. வறட்சியும் செடி நோயும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் எண்ணெய் இல்லாதிருந்தால் கடலையைத் திரும்ப நிமிர்த்த அரசு பாடுபட்டிருக்கும். நிலக்கடலை நம்ம மானாவாரிப் பயிர்தான். அது போனால் எத்தனை வீட்டில் அடுப்பு அணையும் என்று நமக்குத் தெரியும்.

சுரங்கம் முடிந்த பிறகு டாலர் திரும்ப ஏறும். அதற்குள் தறி பழைய இரும்புக்குப் போயிருக்கும், வாங்குகிற கம்பெனிக்காரன் வேறு ஊரில் பழகியிருப்பான். தொழில் ஒருமுறை கலைந்தால் சுலபத்தில் கூடாது.

இந்தப் பகுதியில் பார்த்தது: கனிமப் பணம் நாட்டு நாணயத்தை உயர்த்தும், கூலியையும் விலையையும் ஏற்றும், அதனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தரும் மற்ற தொழில்கள் போட்டியில் தோற்கும்.

## மஞ்சள் விலையும் கடனும்

2010-11-இல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? அந்த விலை நிற்கும் என்று நம்பி வீடு கட்டக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்குள் விலை மூன்றில் ஒரு பங்காகியது. கடன் அப்படியே நின்றது.

நாடுகளும் இதையே செய்கின்றன. தங்கம் 1980 ஜனவரியில் அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 850 டாலருக்குப் போனது. 1999-இல் 250 டாலர் அளவுக்கு விழுந்தது. 2011-இல் 1,900 டாலர். கானாவுக்குத் தங்கத்தோடு 2007-இல் கடலுக்கடியில் எண்ணெயும் கிடைத்தது. வரப்போகும் பணத்தைக் காட்டி வாங்கிய கடன் ஏறிக்கொண்டே போனது. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்தது; 2015-இலேயே ஒருமுறை பன்னாட்டு நாணய நிதியத்திடம் போக வேண்டியிருந்தது. 2022-இல் நடந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. தொற்றுநோய், உலக வட்டி ஏற்றம் என்று. ஆனால் அடிக்கடன் இப்படித்தான் சேர்ந்தது.

## செய்கூலி யாருக்கு?

நகை வாங்கும்போது தங்கத்தின் விலை தனி, செய்கூலி சேதாரம் தனி. பொருளாதாரத்தில் மதிப்புக்கூட்டல் என்று சொல்வது நம்ம செய்கூலியைத்தான்: மூலப்பொருளின் மேல் வேலை செய்து அதன் மதிப்பை உயர்த்துவது.

இந்தியாவில் வருஷத்துக்கு எடுக்கப்படும் தங்கம் ஒன்றரை டன் அளவுதான், அதில் பெரும்பகுதி கர்நாடகத்தின் ஹட்டி சுரங்கத்திலிருந்து. இறக்குமதி 700, 800 டன் என்று போகிறது. கோவையில் ஒரு கிராம்கூட வெட்டி எடுப்பதில்லை. ஆனாலும் இந்த ஊர் நாட்டின் பெரிய நகை செய்யும் இடங்களில் ஒன்று. உருக்குகிறவர், கம்பி இழுக்கிறவர், கல் பதிக்கிறவர், பாலிஷ் போடுகிறவர், டை செய்கிறவர், ஹால்மார்க் முத்திரை போடும் இடம், அப்புறம் அந்த வாசலில் மண் கூட்டும் அம்மா வரைக்கும் எல்லோரும் செய்கூலியில் பிழைக்கிறார்கள். தங்கத்தை வெட்டி அனுப்பும் ஊரில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மட்டும்தான் இருக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் மணி செய்யும் பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்த ஊர். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைக்கும். அந்தக் கல்லை அப்படியே விற்காமல் பட்டை தீட்டி, துளை போட்டு, மணியாக்கி விற்றார்கள். கொங்கு முழுக்கப் புதையல்களில் ரோமானியக் காசுகள் கிடைப்பதற்கு இந்த வணிகமும் ஒரு காரணம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லை விற்காமல் மணியை விற்ற ஊர் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஒரு தொழில் அடுத்த தொழிலைப் பெற்றெடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகின. மில் இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் வேண்டுமென்று ஃபவுண்டரி வந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க 1937-இல் மோட்டார் செய்தார்கள். அதிலிருந்து பம்ப்செட், அதிலிருந்து வெட் கிரைண்டர். நவீன தங்கச் சுரங்கத்தில் பெரிய லாரி முதல் அரைக்கும் இயந்திரம் வரை வெளிநாட்டிலிருந்து வரும், ஆட்கள் சில நூறு அல்லது சில ஆயிரம் பேர்தான், தங்கம் ஹெலிகாப்டரிலோ காவலோடோ நேராக விமான நிலையம் போகும். வேலிக்கு வெளியே இருக்கும் ஊரோடு அதற்கு ஒட்டுறவு குறைவு.

## ஆற்றின் கணக்கு

பெரிய சுரங்கங்களோடு கானாவில் லட்சக்கணக்கானவர்கள் சிறு அளவில், பெரும்பாலும் அனுமதி இல்லாமல், தங்கம் எடுக்கிறார்கள். "கலம்சே" என்று அதற்கு அங்கே பேர். "கூட்டியள்ளி விற்பது" என்ற பொருளில் ஆங்கிலத்திலிருந்து மருவியது. இவர்கள் மண்ணோடு பாதரசத்தைக் கலப்பார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த உருண்டையை நெருப்பில் சுட்டால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். ஆவி மூச்சில் போகும், மிச்சம் ஆற்றில் போகும். கோகோ தோட்டங்கள் குழிகளாகின்றன. பிரா, அங்கோப்ரா போன்ற ஆறுகள் டீ நிறத்தில் ஓடுகின்றன.

சாயத் தண்ணீர் ஓடிய நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியன் ஏற்றுமதிக் கணக்கில் டாலர் ஏறியது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறு கெட்ட விவசாயியின் நட்டம் அந்தக் கணக்கில் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அந்தச் செலவு பட்டறைக்காரர்களின் கணக்கில் ஏறியது. அதுவரை அதைக் கட்டியது கீழே இருந்த ஊர். சுரங்கத்திலும் அந்த இரண்டாவது கணக்கை யாராவது கட்டுகிறார்கள். பெரும்பாலும் தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

இதற்காகத்தான் இந்தியாவில் 2015-இல் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைத்தார்கள். குத்தகை எடுத்தவர் ராயல்டிக்கு மேல், குத்தகையைப் பொறுத்து அந்த ராயல்டியில் 10 அல்லது 30 சதவீதத்தை இதற்குக் கட்ட வேண்டும்; அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவழிக்க வேண்டும். சேலத்தில் ஓமலூர் போகும் வழியில் வெள்ளைவெளேரென்று தெரியும் மாக்னசைட் குன்றுகள் பக்கம் குடியிருப்பவர்கள் இந்தப் பேரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

## மூடும் நாள்

கோலார் தங்கவயலில் பழைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 1880-இல் தொடங்கி, 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. கீழே போகப் போகத் தரம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். தங்கம் விலை இருபது வருஷத்தில் மிகத் தாழ்ந்து கிடந்த நேரம் அது. அதற்கப்புறம் விலை ஏறத் தொடங்கியது.

சுரங்கம் ஓடியபோதே அதற்கு அடுத்து என்ன என்று அந்த ஊருக்கு யாரும் எதையும் கட்டி வைக்கவில்லை. இன்றைக்கும் அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விடியும் முன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்.

ஊருக்கு நடுவே அரைத்துக் கொட்டிய கழிவு மேடுகள் நிற்கின்றன. சயனைடு மேடு என்றுதான் சொல்வார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படியும். தங்கம் விலை ஏறியதால், அந்தக் கழிவில் மிச்சமிருக்கும், டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம்கூட இப்போது கட்டுப்படியாகிறது. பட்டறை வாசல் மண் மாதிரி, அந்த மேடும் தாதுவாகிவிட்டது. 2024-இல் அதைத் திரும்ப அலசி எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்படி வரும் பணத்தில் அந்த ரயில் ஏறுகிறவர்களின் ஊருக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்க வேண்டும்.